ஓர் இல்லத்தின் ஓராண்டுக் கணக்கு

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது நம் முகம் இருக்கும் வகுப்புப் படத்தை. அதற்கு அடுத்தபடி நம் இல்லத்தின் ஆண்டறிக்கையை. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் 'இல்லம்' என்றும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'ஹவுஸ்' என்றும் அழைக்கப்படும் அந்த அணிக்கு எத்தனை கேடயங்கள் கிடைத்தன, ஓட்டத்தில் முதலில் வந்தவர் யார், பேச்சுப் போட்டியில் வென்றவர் யார், அணிநடையில் எத்தனையாவது இடம் என்று அரைப் பக்கத்தில் எழுதியிருக்கும். எழுதியவர் இல்லத் தலைவராக இருந்த மேல்வகுப்பு மாணவர். கடைசி வரியில் பொறுப்பாசிரியருக்கு நன்றி.

அந்த அரைப் பக்கத்தில் நம் பெயர் இருந்ததா? நம்மில் பெரும்பாலோரின் பெயர் இருந்ததில்லை. ஓர் இல்லத்தில் 100 பிள்ளைகள் என்றால் அறிக்கையில் பெயர் வருவது 15 பேருக்கோ 20 பேருக்கோதான். மற்றவர்கள் வெயிலில் நின்று தொண்டை வறளக் கத்தியவர்கள், கொடிக்கம்பு நட்டவர்கள், கயிறு இழுக்கும் போட்டியில் ஆள் குறைந்தபோது அழைக்கப்பட்டவர்கள். ஆண் பிள்ளைகளின் பள்ளியில் ஓர் இல்லம் ஓராண்டில் என்ன சாதித்தது என்பதை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. அதற்கு விடை தேட, இந்த இல்ல முறை எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பின்னோக்கிச் செல்வது நல்லது.

இல்லம் என்ற சொல் தமிழில் வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது. ஏனெனில் தொடக்கத்தில் அது அணி அல்ல, வீடுதான். 1440ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி ஈட்டன் பள்ளியை நிறுவினார். அரசரின் உதவியில் பயிலும் 70 மாணவர்கள் கல்லூரிக்குள்ளேயே தங்கும் முறை அங்கு ஏற்பட்டது. கட்டணம் செலுத்திப் படிக்க வந்த மற்றப் பிள்ளைகள் ஊருக்குள் வீடுகளில் தங்கினார்கள். 'ஊரில் இருப்பவர்' என்று பொருள்படும் 'ஆப்பிடன்' என்ற இலத்தீன் வழிப் பெயர் அவர்களுக்கு இன்றும் உண்டு. அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, துணிமணிகளைக் கவனித்து, காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரப் பெண்மணிகளை 'டேம்' என்றனர். ஈட்டனின் ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகளின் உடல்நலத்தையும் உடையையும் கவனிக்கும் அம்மையாருக்கு இப்போதும் அதே பெயர்தான். கேடயமும் கோப்பையும் இல்லாத அந்தக் காலத்தில் ஓர் இல்லத்தின் ஆண்டுச் சாதனை என்றால், வந்து சேர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நலமாக வீடு திரும்பினார்கள் என்பதாகத்தான் இருந்திருக்கும். தொற்றுக் காய்ச்சல்கள் சாதாரணமாக இருந்த நாட்களில் அது சிறிய சாதனை அல்ல.

வாடகை வீடு பள்ளியின் இல்லமாக மாறிய கதையில் எல்லாரும் சொல்லும் பெயர் தாமஸ் ஆர்னல்டு. 1828 முதல் 1842இல் இறக்கும்வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். வீட்டுக்கார அம்மையார்களின் விடுதிகள் காலியாகும்போது அவற்றைப் பள்ளியின் ஆசிரியர்களிடமே ஒப்படைக்கச் செய்தார். பாடம் நடத்துபவரே பிள்ளை உண்பதையும் உறங்குவதையும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். மூத்த மாணவர்களுக்கு இளையவர்கள் மீது பொறுப்பும் அதிகாரமும் தந்தார். அந்த அதிகாரம் பல இடங்களில் கொடுமையாகவும் முடிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இளைய மாணவர்கள் மூத்தவர்களுக்கு ஏவல் செய்யும் வழக்கம் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது.

ஆர்னல்டின் கீழ் ரக்பியில் இளம் ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் காட்டன். இவரது கதை நம் நாட்டோடும் தொடர்புடையது. 1851இல் மார்ல்பரோ பள்ளியில் மாணவர்கள் பெரும் கலகம் செய்தார்கள். சன்னல்கள் உடைந்தன, பட்டாசுகள் வெடித்தன, பள்ளி நிர்வாகமே நிலைகுலைந்தது. அடுத்த ஆண்டு காட்டன் அங்கே தலைமையாசிரியராக வந்தார். ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்து நிலங்களில் புகுந்து வேட்டையாடித் திரிந்த பையன்களைப் பள்ளி மைதானத்திற்குக் கொண்டுவர அவர் கண்ட வழி, ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டு. பையன்களோடு சேர்ந்து ஆடக்கூடிய இளம் ஆசிரியர்களையும் அழைத்துவந்தார். 1858இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கல்கத்தா ஆயராக இந்தியா வந்தார். அவரது முயற்சியால் 1859இல் தொடங்கியதுதான் சிம்லாவில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஆண்கள் பள்ளி. 1866ஆம் ஆண்டு அக்டோபரில், இன்று வங்காளதேசத்தில் இருக்கும் குஷ்டியாவில் படகில் ஏறும் இடத்தில் தவறி ஆற்றில் விழுந்து அவர் இறந்தார். சிம்லா பள்ளியின் இல்லங்களுக்கு இபட்சன், ரிவாஸ், கர்சன், லெஃப்ராய் எனப் பெயர் வைத்தார்கள். ஆளுநர்கள், ஒரு வைஸ்ராய், ஓர் ஆயர். பெயரிடும் வழக்கம் மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. கொழும்பு ரோயல் கல்லூரியில் பழைய அதிபர்களின் பெயர்கள், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் நாகலிங்கம், சபாபதி, பசுபதி போன்ற பெயர்கள், வேறு பல பள்ளிகளில் புனிதர்கள், ஆறுகள், மலர்கள். எதுவும் கிடைக்காத இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்.

விளையாட்டு வந்ததும் வீடு அணியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துப் பள்ளிகளில் எல்லாப் போட்டிகளிலும் முன்னணியில் நின்ற இல்லத்தைச் 'சேவல் இல்லம்' என்று அழைத்தார்கள். சேவற்கட்டு பார்த்து வளர்ந்த நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆண்டறிக்கையின் நடை அன்றே உறுதியாகிவிட்டது: வென்ற கோப்பைகள், நூலிழையில் தவறிய கோப்பைகள், பள்ளி அணியில் இடம்பெற்றவர்கள், விடைபெறுவோர்.

போட்டியைக் கல்விக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான் என்று நினைத்தால் அது தவறு. இதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே இயேசு சபையினர் அதைச் செய்திருந்தனர். 1599இல் வெளியிடப்பட்ட அவர்களது கல்வித் திட்டம் நல்ல போட்டியுணர்வைப் படிப்புக்குத் தூண்டுகோலாகக் கருதியது. வகுப்பை இரு பாளையங்களாகப் பிரிப்பார்கள். ஒன்று உரோமை, மற்றொன்று கார்த்தேஜ். பாளையத்துக்குள் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ஒவ்வொரு மாணவனுக்கும் எதிர்ப் பாளையத்தில் ஒரு போட்டியாளன் இருப்பான். இவன் இலத்தீன் ஒப்புவிக்கும்போது அவன் பிழை பிடிப்பான், அவன் ஒப்புவிக்கும்போது இவன் பிழை பிடிப்பான். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குழுக்கள் திறமையின் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டிருந்ததால், படிப்பில் பின்தங்கியவனுக்கு எதிரே நிற்பவனும் ஏறத்தாழ அவனைப் போன்றவனே. ஆகவே கடைசி வரிசைப் பையனும் தன் பாளையத்துக்கு வெற்றி தேடித் தர முடிந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் இது நடக்காது. அங்கே எட்டுப் பேர் ஓடி மூவர் புள்ளி பெறுகிறார்கள்.

இங்கிலாந்தில் இயேசு சபையினர் நடத்திவரும் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரி இந்தப் பழைய மரபின் சாயலை இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கே பிள்ளைகள் வயதுவாரியாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். போட்டிகளுக்கு மட்டும் கேம்பியன், ஷயர்பர்ன், புனித ஓமர், வெல்டு என நான்கு வரிசைகளாகப் பிரிகிறார்கள். வாழும் வீடு ஒன்று, போட்டியிடும் அணி வேறு. இந்தப் பிரிவினை ஏன் முக்கியமானது என்பதைப் பின்னர் காண்போம்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் ஓர் இல்லத்தின் மனம் அதில்தான் தெரிகிறது. நம் பள்ளிகளில் வழக்கமான முறை, முதல் மூன்று அல்லது நான்கு இடங்களுக்கு இறங்குவரிசையில் புள்ளி, அஞ்சலோட்டத்துக்குக் கூடுதல் புள்ளி. இந்த முறையில் இரண்டு மூன்று நல்ல ஓட்டக்காரர்கள் வாய்த்த இல்லம் ஆண்டுக் கேடயத்தை எடுத்துச் சென்றுவிடும். மற்றவர்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கணக்கு மாறாது. அது பையன்களுக்கும் தெரியும். அதனால்தான் பெயர் கொடுக்கச் சொன்னால் பின்வரிசை கலைந்து போகிறது.

இதற்கு மாற்றாக இங்கிலாந்துப் பள்ளிகள் பல கையாண்ட வழி, தர அளவுப் புள்ளி. அந்தந்த வயதுக்கு இவ்வளவு நேரத்துக்குள் ஓடினால், இவ்வளவு தூரம் தாண்டினால் ஒரு புள்ளி என்று வைத்துவிடுவார்கள். யாரை முந்தினோம் என்பது பேச்சில்லை. தரத்தை எட்டிய ஒவ்வொரு பையனும் தன் இல்லத்துக்கு ஒரு புள்ளி சேர்க்கிறான். இப்படி வைத்தால் குண்டாக இருக்கும் பையனைத் தேடிப்போய், மாலையில் மைதானத்துக்கு அழைத்துவந்து பழக்குவது இல்லத் தலைவருக்கே இலாபம். முன்பு கிண்டலுக்கு ஆளானவனுக்கு இப்போது துணைக்கு ஆள் ஓடுகிறது. புள்ளி முறையில் செய்த ஒரே ஒரு மாற்றம் ஒரு பையனை நாம் பார்க்கும் பார்வையை மாற்றிவிடுகிறது.

நெடுந்தூர நாட்டுப்புற ஓட்டமும் இவ்வகைதான். அதில் ஓட்டக்காரர்கள் வந்துசேரும் இடங்களின் எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவான அணிக்கே வெற்றி. கணக்கில் ஆறு பேர் என்றால் ஆறாவதாக வருபவன் 40ஆம் இடத்தில் வருகிறானா 60ஆம் இடத்தில் வருகிறானா என்பதில் கோப்பை தொங்குகிறது. முதலில் வந்தவன் மூச்சு வாங்கியபடி திரும்பிப் போய்க் கடைசி ஆளுக்குக் குரல் கொடுப்பதை இந்த ஓட்டத்தில்தான் காணலாம். இல்லப் பாடல் போட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் குரல் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் இல்லம் முழுவதும் மேடையேறி ஒரே பாட்டைப் பாட வேண்டும். காது கொடுத்துக் கேட்பவர்களின் நிலை சற்றுக் கடினம்தான். ஆனாலும் அன்று எவரும் வெளியே நிற்பதில்லை.

இனி, போட்டி பகையாக மாறும் இடம். 1954ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், 'கள்வர் குகை' என்று பொருள்படும் பெயருடைய பூங்காவில், துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் ஒரு சோதனை நடத்தினார். ஏறக்குறைய 11 வயதுள்ள 22 பையன்களை இரு குழுக்களாகத் தனித்தனியே அழைத்துவந்து தங்க வைத்தார். முதலில் ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாது. தங்களுக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்: 'கழுகுகள்', 'கிலுகிலுப்பைப் பாம்புகள்'. பிறகு இரு குழுக்களையும் சந்திக்க வைத்து, பேஸ்பால், கயிறு இழுத்தல் எனப் போட்டிகள் அறிவித்தார். வெல்லும் குழுவுக்குக் கோப்பை, ஒவ்வொருவருக்கும் பதக்கமும் கத்தியும். சில நாட்களில் கொடிகள் எரிக்கப்பட்டன, தங்குமிடங்கள் சூறையாடப்பட்டன, ஒரே கூடத்தில் உண்பதற்கும் மறுத்தார்கள். எல்லாரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், எந்த முன்பகையும் இல்லாதவர்கள்.

அவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டும், சினிமா காட்டியும் பகை தணியவில்லை. தண்ணீர் வரும் குழாய் அடைபட்டு எல்லாருக்கும் தாகம் எடுத்தபோதும், உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதும்தான் அது தணியத் தொடங்கியது. அந்த லாரியைக் கட்டி இழுக்கப் பையன்கள் எடுத்து வந்தது, முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு! திரும்பும் வழியில், ஒரு போட்டியில் தங்களுக்குப் பரிசாகக் கிடைத்திருந்த ஐந்து டாலரைச் செலவழித்துப் பாம்புக் குழுவினர் எல்லாருக்குமே பால் பானம் வாங்கிக் கொடுத்தார்கள்.

பலரும் சோதனையை இத்தோடு சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இதற்கு முந்தைய ஆண்டில், 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் நடத்திய வேறொரு முகாம் தோல்வியில் முடிந்தது. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகத் தங்கவிட்டு, நட்பான பிறகே இரு குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஆய்வாளர்கள் எவ்வளவோ மூட்டிவிட்டும் அவர்கள் சண்டையிடவில்லை. பொருட்கள் காணாமல் போனபோது எதிர்க்குழுவை அல்ல, பெரியவர்களையே சந்தேகித்தார்கள்! சோதனை பாதியில் கைவிடப்பட்டது. நம்மைப் பொறுத்தவரை அந்தத் தோல்வியே பெரிய கண்டுபிடிப்பு. முதலில் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்து, பிறகு போட்டிக்காகப் பிரிந்தவர்கள் பகைவராவதில்லை. ஸ்டோனிஹர்ஸ்டின் ஏற்பாட்டைப் பார்க்கும்போது இது நம் நினைவுக்கு வருகிறது. நம் பகல் பள்ளிகளிலும் ஒரே பெஞ்சில் அமரும் இருவர் வேறு வேறு இல்லத்தில் இருப்பது வழக்கம்தானே. அதை மாற்றி, நிர்வாக வசதிக்காக ஒரு வகுப்புப் பிரிவு முழுவதையும் ஒரே இல்லமாக ஆக்கிவிடுவது நமக்கு நல்லதாகப் படவில்லை.

இல்லப் பற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மை ஆகாது. பெனடிக்ட் சபைத் துறவியரின் ஆம்பிள்ஃபோர்த் கல்லூரியில் 1926இல் இல்லங்கள் ஏற்படுத்தப்பட்டன. எய்டன், பீடு, கத்பர்ட், ஓஸ்வால்டு, வில்ஃபிரிடு என வட இங்கிலாந்தின் புனிதர்களின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. ஆட்டக்களத்திலும் தேர்வுகளிலும் நற்பெயர் பெற்ற பள்ளி அது. சிறார் பாலியல் கொடுமை பற்றி இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட சுயேச்சை விசாரணைக் குழு, ஆம்பிள்ஃபோர்த், டவுன்சைடு ஆகிய இரு கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி 2018 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் கொடுமைக்கு உள்ளானதையும், பிள்ளைகளின் பாதுகாப்பைவிட நிறுவனத்தின் நற்பெயருக்கே முதலிடம் தரப்பட்டதையும் அது எடுத்துரைத்தது. அந்த ஆண்டுகளிலும் கோப்பைகள் வந்துகொண்டிருந்தன, ஆண்டு மலர்களும் வெளிவந்தன. 'வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது' என்று நாம் சொல்லிப் பழகிய சொற்றொடர் ஒரு பிள்ளையின் வாயை எப்படி அடைத்துவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். துன்புற்ற பையன் ஒருவன் பயமின்றிப் போய்ச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார், அவர் சொன்னதைக் கேட்டு உடனே செயல்பட்டார் என்பதே ஓர் இல்லத்தின் ஆண்டறிக்கையில் முதல் வரியாக வரத் தகுந்தது. அதை எந்தக் கேடயத்திலும் பொறிக்க முடியாது.

கணக்கில் வராத வேறொன்றையும் பார்ப்போம். 1905இல் 15 வயதில் ஹாரோ பள்ளியில் சேர்ந்த ஓர் இந்தியச் சிறுவன் அங்கே தலைமையாசிரியர் இல்லத்தில் தங்கினான். 1907இல் கேம்பிரிட்ஜ் போகும்வரை அங்குப் படித்தான். நன்றாகப் படித்ததற்காக அவனுக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றி டிரெவெல்யன் எழுதியது. அதைப் படித்து முடித்ததும் அந்த வரிசையில் மற்ற நூல்களையும் தேடி வாங்கினான். இத்தாலியில் நடந்தது இந்தியாவிலும் நடக்கலாகாதா என்ற எண்ணம் அப்போது மனத்தில் ஓடியதைப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதினார் ஜவகர்லால் நேரு. அவரது இல்லத்தில் அந்த ஆண்டு யார் எந்த ஆட்டத்தில் வென்றார்கள் என்பது இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

அதே ஹாரோவில் 1615இல் கட்டப்பட்ட பழைய வகுப்பறை ஒன்று உண்டு. அதன் மரச் சுவர்களில் மாணவர்கள் கத்தியால் தங்கள் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கவிஞர் பைரனின் பெயர் அங்கே இருக்கிறது. பின்னாளில் பிரதமரான பீலின் பெயரும் இருக்கிறது. செதுக்குவது கட்டுக்கடங்காமல் போகவே, ஒவ்வோர் இல்லத்திலும் அதற்கெனப் பலகைகள் வைக்கப்பட்டன. இல்லத்தை விட்டு வெளியேறும் பையன்களின் பெயர்கள் அந்தப் பலகையில் செதுக்கப்படுகின்றன. அணித் தலைவனாக இருந்தானா, ஒரு கோப்பையையாவது தொட்டானா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அங்கே வாழ்ந்தான் என்பதே போதும்.